வயிற்று வலி என்று எழுதினேன்

ஆண்டவருக்குள் அன்பானவர்களே, இதை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். பெருமையாகச் சொல்லிக்கொள்ள இதில் என் பங்கு ஒன்றுமில்லை.

நாங்கள் மெல்பர்னில், ட்ருகனினாவில் இருக்கிறோம். மனைவி முதியோர் இல்லத்தில் நர்ஸ். ஒரே மகள் ஷாரனுக்குப் பதினாறு வயது. சென்ற ஆண்டு குளிர்காலத்தில், இரண்டாம் டேர்ம் முடியும் சமயம், அவள் பள்ளிக்குப் போவதை நிறுத்தினாள். வாரக்கணக்கில் படுக்கையை விட்டு எழமாட்டாள். பிறகு திடீரென்று நாலு நாள் தூங்காமல் பேசிக்கொண்டே இருப்பாள். மனநல மருத்துவர் மாத்திரை கொடுத்தார். ஆனால் இதுவாக இருக்கலாம், அதுவாக இருக்கலாம், சின்ன வயது, அவசரப்பட்டு நோய்க்குப் பெயர் வைக்க வேண்டாம் என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. இவ்வளவு படித்த டாக்டருக்கு ஒரு பெயர் சொல்லத் தெரியாதா?

எங்கள் வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக் கூட்டத்துக்கு விண்ணப்பங்களைத் தொகுத்து வாட்ஸ்அப்பில் போடுவது என் பொறுப்பு. யாருக்கு என்ன வியாதி, யாருக்கு விசா வரவில்லை, எல்லாம் என் கைவழியாகத்தான் போகும். அந்தப் பட்டியலில் என் மகளின் பெயருக்கு நேரே "தீராத வயிற்று வலி" என்று எழுதினேன். ஊரில் என் தங்கைக்குத் தெரிந்தால் என்ன ஆகும், நாளைக்கு வரன் பார்க்கும்போது என்ன பேசுவார்கள் என்றெல்லாம் யோசித்தேன். அவளைப் பற்றி மட்டும் யோசிக்கவில்லை.

ஏழு மாதம் எல்லோரும் என் மகளின் வயிற்றுக்காக ஜெபித்தார்கள். சிலர் உபவாசம் இருந்தார்கள். நான் கூசாமல் ஆமென் சொன்னேன்.

ஒரு சனிக்கிழமை, எங்கள் கூட்டத்துக்கு வரும் யாழ்ப்பாணத்துச் செல்வி அன்ரி கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். "பிள்ளைக்கு இப்ப வயிறு எப்பிடி? உறைப்பு ஒண்டும் குடுக்காதேங்கோ தம்பி" என்றார். ஷாரன் அறையிலிருந்து வந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். "இப்ப பரவால்ல அன்ரி" என்று சொல்லிவிட்டு, அவ்வளவு கஞ்சியையும் குடித்தாள். என் பொய்யை என் பிள்ளை காப்பாற்றினாள்.

அன்ரி போன பிறகு கேட்டாள்: "அப்பா, எனக்கு நிஜமாவே வயித்து வலியா இருந்திருந்தா நீங்க ஹேப்பியா இருந்திருப்பீங்கல்ல?"

நான் கஞ்சிப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கழுவப் போனேன். இருந்திருப்பேன். அதுதான் உண்மை.

அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை, மனநல டாக்டரிடம் வர மறுத்துவிட்டாள். "வயித்து வலிக்கு எதுக்கு அந்த டாக்டர்?" என்றாள். மாத்திரையையும் தொடவில்லை. அப்படித் திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்று என் மனைவிக்குத் தெரியும். "நீங்க ஆரம்பிச்ச பொய், நீங்களே முடிங்க" என்று மட்டும் சொன்னாள்.

அன்று கராஜில் காருக்குள் உட்கார்ந்து அழுதேன். அதுவரை "பிள்ளையைச் சுகமாக்கும்" என்றே கேட்டிருந்தேன். அன்றைக்குத்தான், "ஆண்டவரே, பொய் சொன்னவன் நான். பிள்ளையை இழந்துவிடாமல் எனக்கு உதவி செய்யும்" என்று கேட்டேன். வேறு வார்த்தை வரவில்லை.

வியாழன் சாயங்காலம் அவள் அறை வாசலில் போய் நின்றேன். "பட்டியல்ல உண்மையைப் போடட்டுமாம்மா? நீ வேண்டாம்னா போடல" என்றேன். போர்வையை விலக்கி எழுந்து உட்கார்ந்தாள். பிறகு, "போனைக் குடுங்க, நானே டைப் பண்றேன்" என்றாள்.

தமிழை ஆங்கில எழுத்தில் அடித்தாள். "என் வயிறு நல்லாத்தான் இருக்கு. மனசுதான் சரியில்ல. அது என்னன்னு டாக்டருக்கே இன்னும் தெரியல. எங்கப்பா ரொம்பப் பயப்படுறாங்க. அப்பாவுக்காக ஜெபம் பண்ணுங்க."

போனை வாங்கிக் குழுவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது செல்வி அன்ரி போன் செய்தார். "தம்பி, என்ர மகனும் கன வருசமா மனசுக்குத்தான் மருந்து எடுக்கிறான். நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை" என்று சொல்லி அழுதார்.

அடுத்த செவ்வாய் ஷாரன் தானாகவே வந்து காரில் ஏறினாள். மாத்திரையைத் திரும்பத் தொடங்கியிருக்கிறாள். வாரத்தில் இரண்டு நாள் பள்ளிக்குப் போகிறாள். போகாத வாரங்களும் உண்டு. டாக்டர் இன்னும் பெயர் சொல்லவில்லை. நானும் இப்போது நச்சரிப்பதில்லை. ஆனால் ஜெபக் கூட்டத்தில் தலை நிமிர்ந்து உட்கார இன்னும் முடியவில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், உள்ளதை உள்ளபடியே ஆண்டவரிடம் சொல்லுங்கள். அவர் முகம் சுளிப்பதில்லை. ஏழு மாதம் நான் கேட்டதற்கு வராத பதில், என் பிள்ளை எனக்காகக் கேட்ட அன்றே, செல்வி அன்ரியின் போனில் வந்தது.