அண்ணைக்குப் போன வீடு

அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து, முதியோர் இல்லத்தில் இடம் கேட்டிருந்தோம். புருஷனின் பராமரிப்புச் செலவுக்குப் பெண்சாதியின் வீட்டையும் அரசாங்கம் எடுத்துவிடும் என்று யாரோ அம்மாவைப் பயப்படுத்திவிட்டார்கள். அம்மாவும் அப்பாவும் இருந்த பியர்பொன்ட்ஸ் வீடு அம்மாவின் பெயரில் இருந்தது. அது என் சீதனம் என்று நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே சொல்லிவைத்தவர் அவர்.

“நாளைக்கு லீவு எடு பிள்ளை. வீட்டைப் பேர் மாத்தி எழுத நொத்தாரிசிட்ட போகவேணும். அந்தாள் கதைக்கிற பிரெஞ்சு எங்களுக்கு விளங்காது,” என்றார் அம்மா.

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். வைத்தியரிடமும் வங்கியிலும் அவர்களுக்காகக் கதைப்பது நான்தான். வீட்டை எனக்கு எழுதப்போகிறார்கள் என்று நம்பி, நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு அம்மாவோடும் அண்ணையோடும் போனேன்.

“வீட்டை மகனுக்குக் கொடுக்கிறீர்கள், சரிதானே?” என்று நொத்தாரிஸ் அம்மாவைக் கேட்டார்.

என்னால் உடனே மொழிபெயர்க்க முடியவில்லை. அம்மா என்னைப் பார்க்காமல் கைப்பையின் ஸிப்பை இழுத்துக்கொண்டிருந்தார்.

“என்னவாம்?” என்றார் அண்ணை.

“உங்கள் ரெண்டு பேருக்கும் முதலே தெரிஞ்ச விசயம்தான்.”

“முகத்தை நீட்டாதை. நீ படிச்சனி, உழைச்சு வாங்குவாய். எனக்குப் பிள்ளையள் இருக்கு.”

நொத்தாரிஸ் அடுத்ததைக் கேட்டார். மகன் வீட்டை விற்றால் அம்மா எங்கே போவார்? சாகும்வரை அங்கேயே இருக்கும் உரிமையை எழுதிவிடலாமே. எனக்கு வந்த கோபத்திலும் அதை ஒரு சொல் குறையாமல் அம்மாவுக்குச் சொன்னேன்.

“பெத்த பிள்ளையிட்ட எழுதி வாங்கிறதோ? சனம் சிரிக்கும்.”

“சனத்தை விடுங்கோ அம்மா. எழுதச் சொல்லுறன்.”

“உனக்குக் கிடைக்கேல்லை எண்ட எரிச்சல். வேண்டாமெண்டு சொல்லு.”

அண்ணை பேனையை எடுத்து அம்மா பக்கம் தள்ளினார். அம்மா வேண்டாம் என்கிறார் என்று நான் பிரெஞ்சில் சொன்னேன். அம்மா கையெழுத்து வைத்தார்.

அடுத்த கோடைக்குள் அண்ணை வீட்டை விற்றுவிட்டு டொரோண்டோவுக்குப் போய்விட்டார். இப்போது அப்பா முதியோர் இல்லத்தில்; அம்மா கார்ட்டியர்வில்லில் என் வாடகை வீட்டில், என் கட்டிலில் படுக்கிறார். நான் சோபாவில்.

நேற்று யாழ்ப்பாணத்திலிருந்து சித்தி போன் எடுத்தபோது, நான் பக்கத்தில் நின்று தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன்.

“ஓமடி, இவள் இஞ்ச தனிய இருக்கப் பயப்பிட்டவள்,” என்றார் அம்மா. “அதுதான் துணைக்கு வந்தனான். பெரியவன் டொரோண்டோவுக்கு வா வா எண்டு ஒரே கரைச்சல்.”

நான் கோப்பையை அவர் முன்னால் வைத்துவிட்டு வெளியே போனேன்.