எந்த வீட்டுக்கு எந்த நாடு

விளையாட்டுப் போட்டியில் தங்குமிடம் பார்க்கிறவர்களுக்கு ஆட்டம் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. மைதானத்தில் விசில் ஊதும்போது நாம் யார் வீட்டிலோ குளியலறைத் தாழ்ப்பாள் விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்போம். கல்யாணத்தில் சம்பந்தி வீட்டாருக்கு அறை ஒதுக்கியவர்கள், பள்ளிச் சுற்றுலாவில் பிள்ளைகளின் தலையை எண்ணியவர்கள் எல்லோரும் என் கட்சி. உங்களிடம் சொல்லித்தான் ஆற்றிக்கொள்ள வேண்டும்.

பழவேற்காடு ஏரிக்கரையில், கருவாடு காயவைக்கிற சிமெண்டுத் தளத்தில் இரண்டு கம்பம் நட்டு, நாலு ஊர்ப் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது எங்கள் கூடைப்பந்துப் போட்டி. அது எப்படி சர்வதேச இளையோர் போட்டி ஆனது என்று எங்களில் யாருக்கும் சரியாகத் தெரியாது. ஒரு வருடம் இலங்கை அணி வந்தது. பிறகு நேபாளம், மலேசியா என்று வந்துகொண்டே இருந்தார்கள். விடியற்காலையில் ஏரியும் வானமும் ஒரே நிறத்தில் கிடக்கும்போது, தெருவில் யாரோ பந்தைத் தட்டிக்கொண்டு போகும் சத்தம் கேட்கும். நான் இன்னும் தூங்கிக்கொண்டுதான் இருக்கிறேனோ என்று தோன்றும்.

தினம் ஒரு வீடு

இலங்கை அணி வந்த வருடம் எல்லா வீட்டிலும் ஒரே பேச்சு: "எங்க வூட்டுக்கு அனுப்பு." சண்டை முற்றவே, ஊர்த் தலைவர் பாடு வைத்துவிடலாம் என்றார். பாடு என்பது எங்கள் ஏரி வழக்கம். எந்த நாளில் யார் எங்கே வலை போடுவது என்று பானையில் சீட்டுப் போட்டு எடுத்து, முறை வைத்துக்கொள்வோம். அதே பானையில் வீட்டுப் பெயர்களைப் போட்டோம். வீட்டுக்கு ஒரு பெண் என்று அணி பிரிந்தது.

யாருக்கும் குறை இல்லை என்று நிம்மதியாகத் தூங்கினேன். பாடு முறையில் தினமும் இடம் மாறும் என்பதை நான் யோசிக்கவே இல்லை. மறுநாள் காலை அடுத்த முறைக்காரர்கள் வாசலில் வந்து நின்று, பெண்களைப் பையோடு அழைத்துப் போய்விட்டார்கள். அதற்கடுத்த நாளும் அப்படியே. பயிற்சியாளர் அம்மா யாழ்ப்பாணத்துக்காரர். மூன்றாம் நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தங்கச்சி, என்ட பிள்ளையள் நேற்று எங்க படுத்தவை எண்டு எனக்கும் தெரியேல்ல, அவையளுக்கும் தெரியேல்ல" என்றார்.

முழங்கால் அளவு

நேபாள அணி வந்த வருடம், ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு அணியையே காணவில்லை. கரைக்கு ஓடினேன். வெகுதூரத்தில், பூநாரைகள் நிற்கிற இடத்தில், சிவப்புச் சட்டைப் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். தண்ணீர் முழங்காலைத் தாண்டவில்லை. அவர்கள் கொண்டுபோன பந்து பக்கத்தில் மிதந்தது. பறவைகள்கூட நகரவில்லை. கோபமாகக் கூப்பிடத்தான் போனேன், நானும் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர்களுக்கு முன்னால் முனியம்மா உட்கார்ந்த நிலையில் தண்ணீருக்குள் நகர்ந்துகொண்டிருந்தாள். ஏரியை ஒட்டிய கடைசித் தெருக்காரி. அந்தத் தெருவில் வலை இல்லை, படகு இல்லை. சேற்றைக் கையால் தடவியே இறால் பிடிப்பார்கள். அவள் தடவிய இடத்தில் பிள்ளைகளும் தடவினார்கள். ஒருவன் கையில் இறால் துள்ளியதும் எல்லோரும் கத்தினார்கள். கரையேறியபோது முனியம்மா என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கேட்டாள்: "ஏம்மா, எங்க வூட்டுக்கு ஒரு புள்ள வராதா?"

நான் எழுதாத பெயர்

சீட்டு எழுதுவது என் கை. எத்தனை வருடம் எழுதியிருக்கிறேன்! கடைசித் தெருவின் ஒரு பெயரைக்கூட எழுதியதில்லை. யாரும் எழுதாதே என்று சொன்னதில்லை. வலை போடுகிற குடும்பங்களுக்குத்தான் பாடு, அதனால் அவர்களுக்குத்தான் சீட்டு என்று கை தானாகப் பழகியிருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது.

அதன்பிறகு ஒவ்வொரு வருடமும் போட்டிக்கு முன் முனியம்மா தன் வீட்டுக்கு வெள்ளையடிப்பாள். புதுப் பாய் ஒன்று சுருட்டியபடியே மூலையில் நிற்கும். "இந்த வருசமும் இல்லியா?" என்பாள். பாயைப் பார்த்த அன்று தலைவரிடம் போய்க் கேட்டே விட்டேன். நல்ல மனிதர்தான், கெட்ட எண்ணம் இல்லை. நிஜமாகவே புரியாமல் என்னைப் பார்த்தார். "பாடே இல்லாத வூட்டுக்கு சீட்டு எப்படிம்மா எழுதுறது?"

பானை காலியான வருடம்

இந்த வருடம் அணிகள் எங்கள் கணக்கையெல்லாம் மீறி வந்துவிட்டன. ஊரே கூடியிருக்க, தலைவர் ஒவ்வொன்றாகச் சீட்டு எடுத்தார். பானை காலியானபோது கென்யாப் பெண்கள் இரண்டு பேர் பையோடு மீதி நின்றார்கள். சென்னையிலிருந்து வந்த ஒருங்கிணைப்பாளர், "இந்த ரெண்டு பேரை ஓட்டல்ல போட்டுடலாம் மேடம். அடுத்த வருஷம் எல்லாரையுமே அங்கதான் வெச்சாகணும்" என்றார். கூட்டத்தின் முகம் விழுந்துவிட்டது.

என் உள்ளங்கையில் ஒரு சீட்டு வியர்த்துக்கொண்டிருந்தது. காலையிலேயே எழுதிவைத்தது. போடத் தைரியம் வரவில்லை. இப்போது பானைக்குள் கையை விட்டு நழுவவிட்டேன். "இன்னும் ஒண்ணு இருக்குங்க" என்றேன். தலைவர் எடுத்துப் பிரித்து, சத்தமாகவே படித்துவிட்டார். முனியம்மா.

பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். எடுத்த சீட்டைத் திரும்பப் போடக் கூடாது என்பது எங்கள் ஏரியில் யாரும் மீறாத சட்டம். தலைவர் சீட்டைப் பார்த்தார், என் கையெழுத்தைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். பிறகு கூட்டத்துப் பக்கம் திரும்பி, "பானைல இருந்து வந்துட்டா அது பாடுதான்யா. நீ போய் வூட்ட காட்டும்மா" என்றார்.

ஊருக்குப் போகிற காலை

நெடுநெடுவென்ற அந்த இரண்டு பெண்களும் குனிந்து நுழைந்த வீட்டுக்குள் அதன்பின் நான் எட்டிப் பார்க்கவில்லை. அவர்கள் ஆடியதையும் பார்க்கவில்லை. புறப்படுகிற காலையில் ஏரியில் பனி படர்ந்திருந்தது. அதற்குள்ளிருந்து மூன்று பேர் நடந்து வந்தார்கள், நடுவில் இருந்தவள் மிகவும் குள்ளம். மூவர் கையிலும் இறால். பேருந்து கிளம்பும்வரை முனியம்மா கை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

அழுவாள் என்று நினைத்துப் பக்கத்தில் போய் நின்றேன். அவள் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள், வலைகள் கட்டியிருக்கிற ஆழமான பக்கம். மெதுவாகக் கேட்டாள்: "புள்ளைங்களுக்குப் பாடு குடுத்துட்டீங்கோ. ஏரில எங்களுக்கு எப்போம்மா?"

கடல் கடந்து கென்யா வரைக்கும் வளர்ந்துவிட்ட எங்கள் போட்டி, அடுத்த தெருவுக்கு இப்போதுதான் போய்ச் சேர்ந்திருக்கிறது.