புள்ளி புள்ளியாக ஒரு பெயர்

ஏழு வயதில் வந்த மஞ்சள் காமாலையைக் கனகம் வென்றாள். பிழைக்காது என்று அவளைத் தனிப் பாயில் கிடத்தியவர்கள் பிறகு அவள் கல்யாணத்துக்கு வந்து சாப்பிட்டுப் போனார்கள். கணவன் கொளஞ்சிநாதன் மூளையில் இரத்தக் குழாய் அடைத்துப் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு முப்பத்தொரு வயது. அவன் நிலக்கரிச் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் தொழிலாளி என்பதால் குவார்ட்டர்ஸும் இல்லை, வாரிசு வேலையும் இல்லை. அந்த நிலையிலும் மகள் சத்யப்பிரியாவை நர்சிங் படிக்க வைத்தாள். தான் வேலை செய்த மெஸ்ஸில் பெண்கள் என்றால் காய் நறுக்கவும் மாவாட்டவும்தான் என்றிருந்ததை மாற்றிப் பெரிய அடுப்பைத் தன் கைக்குக் கொண்டுவந்தாள்.

அந்த அடுப்பை அவள் இரண்டு முறை வென்றாள் என்றுதான் சொல்ல வேண்டும். முதல் முறை ஆண்களிடமிருந்து. இரண்டாம் முறை ஒரு கிருமியிடமிருந்து. முட்டையிலிருந்து அது அவளுக்கு வந்ததா, அவளிடமிருந்து குழம்புக்குப் போனதா என்று ஆராய்ச்சி செய்தவர்களாலும் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. ஐப்பசி மழை முழுவதும் அடுப்படிக்கு வெளியே இருந்தாள். தொடர்ந்து மூன்று சோதனைகளில் கிருமி இல்லை என்று வந்தபின், பொங்கலுக்கு முந்தின வாரம் மறுபடி கரண்டியைப் பிடித்தாள். இப்போது பரிமாறுவதற்கு முன் தனக்கும் ஒரு தட்டுப் போட்டுக் கீரையும் காயும் வைத்துச் சாப்பிடுகிறாள். இத்தனைக்கும் ஒரு தாளில் சொன்ன சம்மதம்தான் காரணம்.

மெஸ் சுரங்க நகரியத்தின் ஓரத்தில், பஸ் திரும்பும் இடத்தில் இருக்கிறது. இன்றும் நடக்கிறது, கிருமி வருவதற்கு முன்பிருந்த கூட்டம்தான் இல்லை. அப்போதெல்லாம் முதல் ஷிப்டுக்குச் சங்கு ஊதும் முன்பே வேலி தெரியாதபடி சைக்கிள்கள் சாய்ந்து நிற்கும். உடம்பெல்லாம் பழுப்புத் தூளோடு இரவு ஷிப்ட் முடிந்தவர்கள் ஒரு பெஞ்சில், சலவைச் சட்டையோடு வேலைக்குப் போகிறவர்கள் எதிர் பெஞ்சில். நடுவில் கனகத்தின் சாம்பார் வாளி. எந்தெந்த மாவட்டத்துக்காரர்களோ அவள் கையால் சாப்பிட்டுக் குறை சொல்வார்கள். திருநெல்வேலிக்காரர் ஒருவருக்குத் தினமும் ஒரே குறை.

"எங்கூர்ல சாம்பாருக்குத் தேங்கா அரைச்சு ஊத்துவாங்க, கனகம்மா."

"அப்ப ஒங்கூருக்கே பஸ் ஏறுங்க. இங்க கடலூரு கைதான்."

சொல்லிக்கொண்டே அவர் தட்டில் இன்னொரு கரண்டி ஊற்றுவாள்.

அந்த ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை முட்டைக் குழம்பு. மறுநாள் மத்தியானத்துக்குள் வயிற்றுப்போக்கும் காய்ச்சலுமாக ஆட்கள் சுருண்டு விழுந்தார்கள். டூவீலரில் நடுவே உட்காரவைத்துப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். திருநெல்வேலிக்காரர்தான் மிகவும் மோசம். எல்லோரும் பிழைத்தார்கள், மெஸ் மூடப்பட்டது. அதே குழம்பில் உப்புப் பார்த்த கனகத்துக்கு ஒரு தலைவலிகூட வரவில்லை. அது அவளுக்கு நிம்மதி தரவில்லை.

அடுத்த வாரம் வெளியூர் மருத்துவக் கல்லூரி ஒன்றிலிருந்து ஆராய்ச்சிக் குழு வந்தது. அதன் டாக்டர் ஷப்னம் நகரியத்தில் வளர்ந்தவள்; பஜாரில் துணிக்கடை வைத்திருந்தவரின் மகள். எந்தக் கிருமி, எங்கிருந்து வந்தது என்று பார்ப்பது ஒரு வேலை. இப்படிப்பட்ட தொற்று வந்து போனவர்களுக்குப் பின்னாளில் இரத்தக் குழாய் இறுகுகிறதா, அன்றாடச் சாப்பாடு அதைக் கூட்டுமா குறைக்குமா என்று தொடர்ந்து கவனிப்பது இன்னொரு வேலை. சாப்பிட்டவர்கள், சமைத்தவர்கள் இரு பக்கத்தாரையும் கேட்டார்கள். மலம், இரத்தம் இரண்டும் கொடுக்க வேண்டும்.

மெஸ் காண்ட்ராக்டர் மதிவாணன் சமையல் ஆட்களைக் கூப்பிட்டுச் சொன்னார். "குடுக்கறதும் குடுக்காததும் ஒங்க இஷ்டம்னு அவங்களே சொல்றாங்க. அப்ப இன்னாத்துக்குக் குடுக்கணும்?"

காய் நறுக்குகிற இருவருக்கும் அந்த வாரமே ஊரில் காதுகுத்து வந்துவிட்டது. கனகத்துக்குப் போவதற்கு எந்தக் காதுகுத்தும் இல்லை. பூட்டிய மெஸ்ஸின் ஜன்னல் வலை வழியே ஆறிக்கிடந்த அடுப்பைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

சுரங்கத்தில் பர்மனென்ட்டாக இருந்து ரிட்டையரான அண்ணன் ராஜேந்திரன் அங்கே காத்திருந்தார்.

"ஒன் வயித்துல இருக்குதுன்னு வந்துச்சுன்னா ஊரே ஒன்னத்தான் சொல்லும், கனகம். அடுப்பு போச்சுன்னா எங்க போவ?"

"இருந்தா இருக்குதுன்னு தெரியட்டுமே, அண்ணா."

"தெரிஞ்சிக்கினு இன்னா பண்ணப் போற?"

"தெரியாமயே ஆக்கிப் போட்டுக்கினு இருந்தா அது நல்லாருக்குதா?"

ராஜேந்திரன் வெளியே போய் வண்டியை உதைத்தார். அது கிளம்பவில்லை. "இதுவும் ஒன்ன மாதிரியேதான். சொன்ன பேச்சு கேக்காது" என்றார். ஆனாலும் திங்கட்கிழமை அதே வண்டியில் அவளைச் சமுதாயக் கூடத்துக்குக் கூட்டிப்போனதும் அவர்தான்.

ஷப்னம் சம்மதத் தாளில் இருந்ததை நிதானமாகப் படித்துக் காட்டினாள். எப்படிப்பட்ட கேள்விகள் கேட்பார்கள் என்பதற்கும் ஒன்றைக் கேட்டுக் காட்டினாள். "மெஸ் நடக்கும்போது ஒரு நாளைக்கு என்னம்மா சாப்பிடுவீங்க?"

"காலையில இட்லி, பொங்கலு, வடை. மதியம் சாம்பாரு, ரசம், ரெண்டு பொரியலு. ராத்திரி சப்பாத்தி."

"அது நீங்க ஆக்கினது. நீங்க சாப்பிட்டது?"

கனகம் யோசித்தாள். ராஜேந்திரன் திரும்பி அவளைப் பார்த்தார்.

"உப்புப் பாப்பேங்க. அப்புறம் சோறு இருக்கும். பொரியலு தீந்துடும். ஊறுகா இருக்கும்ல."

"வருஷக்கணக்கா அப்படியே சாப்பிட்டா இரத்தக் குழாய் இறுகலாம். அதையும் பாக்கத்தான் கேக்குறோம்."

"பழைய கேஸ் ட்யூப்பு மாதிரியா? வளைச்சா வெடிச்சிருக்கும்."

"கிட்டத்தட்ட அப்படித்தான்" என்று ஷப்னம் சிரித்தாள்.

கனகம் சிரிக்கவில்லை. "எங்க வூட்டுக்காரரையும் யாராச்சும் இப்பிடி ஒக்கார வெச்சிக் கேட்டிருக்கலாம்" என்றாள். பிறகு, "கிருமி இருந்துச்சுன்னா?" என்றாள்.

"அது போற வரைக்கும் சமைக்கக் கூடாது."

"என் வேல?"

"அதுக்கு நான் வாக்குக் குடுக்க முடியாதும்மா. பொய் சொல்ல மாட்டேன்."

மேஜைமேல் மைப்பெட்டி இருந்தது. கைரேகை வைக்கலாம், படித்துக் காட்டியதற்கு ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். ராஜேந்திரன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "நான் போட மாட்டேன். நாளைக்கு அடுப்பு போனா அண்ணன்தான் கெடுத்தான்னு ஆயிடும்."

"சாட்சி யாரு வேணா இருக்கட்டும்" என்றாள் கனகம். "ரேகை வேணாங்க, டாக்டரம்மா. ரேஷன் கடையில, பேங்குல எல்லாம் வெச்சேன். இது என் வயிறு. பேர நானே எழுதுறேன். நாளன்னிக்கி வர்றேன்."

பள்ளிக்கூடம் போகாத கனகத்தின் வீட்டில், ரேஷன் கார்டையும் பாஸ்புக்கையும் விட்டால், அவள் பெயர் ஒரே இடத்தில்தான் இருந்தது. பெரிய அடுப்பு கைக்கு வந்த புதிதில் வடலூர்ப் பாத்திரக் கடையில் ஒரு எவர்சில்வர் தூக்கு வாங்கினாள். மெஸ் பாத்திரத்தோடு கலந்துவிடக் கூடாதென்று அண்ணன்தான் கூட நின்று அதில் பெயர் வெட்டச் சொன்னார். அதை மடியில் வைத்துக்கொண்டு காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பார்த்துப் பார்த்து எழுதினாள்.

மறுநாள் வந்த ராஜேந்திரன் தாளை வாங்கிப் பார்த்தார். வெட்டும் மெஷின் குத்தியது போலவே அத்தனை எழுத்தையும் அவள் சின்னச் சின்னப் புள்ளிகளாக வைத்திருந்தாள்.

"மேல ஒரு புள்ளி வெச்சாத்தான் அது ம். இல்லாட்டி நீ கனகம.."

"இத்தினி புள்ளி வெச்சிருக்கேன், அதுல ஒண்ணு கொறையுதா?"

அவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். போகும்போது வாசலில் நின்று, "சாட்சிக்கு வேற ஆள் தேடாத. நான் வர்றேன்" என்றார்.

புதன்கிழமை காலை சமுதாயக் கூடத்தில் ஷப்னம் தாளை மறுபடி முழுவதும் படித்துக் காட்டினாள். கனகம் பேனாவை வாங்கி, கோடு காட்டிய இடத்தில் குனிந்து புள்ளி வைக்க ஆரம்பித்தாள். பின்னால் நின்றவர்கள் பொறுமையாக நின்றார்கள்.

"கோடாவே இழுக்கலாமேம்மா" என்றாள் ஷப்னம்.

"என் பேரு இப்பிடித்தாங்க இருக்கும்."

மேல் புள்ளியையும் மறக்காமல் வைத்தாள். அதற்குக் கீழே ராஜேந்திரன் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டு, தேதியையும் தெளிவாக எழுதினார்: 2023 ஆகஸ்ட் 9.