கலெக்டர் மாதிரி பேசினவன்

படிய வாரிய தலை, நெற்றியில் திருநீறு, கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டை. சான்றிதழ் வாங்கப் போன அன்று அந்தப் பையன் என் ஆட்டோவில் ஏறிய கோலம் அது. அப்படிக் கிளம்பச் சொன்னவன் நான்தான். அதனால் இன்றைக்கும் ஆறாத கோபத்தில் பாதி என் மேல்தான்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன், பள்ளிக்கூடம் தப்பித்தது. இரண்டாயிரம் பிறந்த புதிதில் சிம்மக்கல்லில் ஆட்டோ ஓட்டினேன். செல்லூரில் தறி வேலைக்குப் போகும் ஒரு அக்கா தன் மகளையும் மகனையும் பள்ளிக்கு என் வண்டியில்தான் அனுப்புவார். மகள் பேசவே மாட்டாள். ஹாரன் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு அலறுவாள். மதுரையில் ஹாரன் அடிக்காமல் ஓட்டிப் பார்த்தால் தெரியும், நான் வாங்கிய வசவு. மகன் வாயே மூட மாட்டான். மேலூர் பஸ் நிற்கும் நிறுத்தங்களை வரிசையாக ஒப்பிப்பான். வேடிக்கைக்கு நான் ஒன்றை மாற்றிச் சொன்னால், ரத்தம் வரக் கையைக் கடித்துக்கொள்வான்.

இருவருக்கும் ஆட்டிசம் என்று அக்கா சொன்னபோது சிரித்துவிட்டேன்.

“ஒண்ணு வாயே தொறக்காது, ஒண்ணு வாயே மூடாது. ரெண்டுக்கும் ஒரே பேராக்கா?”

“எல்லாருக்கும் ஒரே மாதிரி வராது தம்பி. அவளுக்குப் பேச்சு வரலை. இவனுக்குப் பேச்சு வருது, எதிராளு மனசு வெளங்கலை. சத்தமும் மாத்தமும் ரெண்டுக்குமே ஆகாது.”

டாக்டர்கள் எனக்கு இம்புட்டுத் தெளிவாக எதையும் சொன்னதில்லை.

பள்ளியில் மணியடித்தால் அவன் பெஞ்சுக்கடியில் புகுந்துகொள்வான். வாத்தியார் தப்பாகச் சொன்னால் எழுந்து திருத்துவான். திமிர் என்றார் தலைமையாசிரியர். “ஆட்டிசம்னு டாக்டர்கிட்ட சர்டிபிகேட் கொண்டாங்க, இல்லைன்னா டீசியை வாங்கிட்டுப் போங்க” என்று கெடு வைத்தார்.

ஆஸ்பத்திரி, ஆபீஸ் என்றால் எங்களைப் போன்றவர்கள் குளித்து, திருநீறு பூசி, பவ்யமாக நிற்க வேண்டும். நான் தேறிய ஒரே பாடம் அதுதான். மூன்று நாள் அதை அவனுக்குப் படித்துப் படித்துச் சொன்னேன்.

“டாக்டர் மூஞ்சியப் பாரு மாப்ள. வணக்கம் சொல்லு. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. அழுகக் கூடாது.”

ஒரு சொல் பிசகாமல் செய்தான். மகளுக்கு ஒரே பார்வையில் எழுதிக் கொடுத்த அதே டாக்டர் இவனை இரண்டு நிமிடம் பார்த்தார்.

“இவனுக்கு என்னம்மா? கலெக்டர் மாதிரி பேசுறான். சலுகைக்காகப் புள்ளையப் பைத்தியமாக்காதீங்க.”

கதவோரம் நின்ற நான், வெட்கங்கெட்டவன், கலெக்டர் என்றதும் பெருமையாகச் சிரித்தேன்.

வெளியே வந்ததும், அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் உடைந்தது. படிக்கட்டில் உட்கார்ந்து தலையைச் சுவரில் மோதினான். அக்கா தன் உள்ளங்கையை அவன் தலைக்கும் சுவருக்கும் நடுவில் கொடுத்தார். நான் உள்ளே ஓடினேன்.

“சார், இப்ப வந்து பாருங்க சார்!”

“டோக்கன் முடிஞ்சிருச்சு. நாளைக்கு வா” என்றான் வாசலில் நின்றவன்.

“நாளைக்கு உள்ளயே அழுக வச்சிருவோம்க்கா. எனக்குத் தெரியும், எதைச் சொன்னா அழுவான்னு” என்றேன்.

“எம்புள்ளைய அழுக வச்சு வாங்குற பேப்பர் எனக்கு வேணாம் தம்பி.”

பள்ளியில் டீசியைக் கொடுத்துவிட்டார்கள். நடத்தை என்ற இடத்தில் ‘திருப்தியில்லை’ என்று எழுதியிருந்ததாம். இன்று அவனுக்கு மீசையில் நரை தட்டுகிறது. பார்க்கும்போதெல்லாம் என் முகத்தைப் பார்க்காமல் அதையே கேட்கிறான்.

“மாமா, அன்னைக்கு நான் நல்லாத்தானே பேசினேன்?”

“ரொம்ப நல்லாப் பேசின மாப்ள.”