கயிற்று வீதி ரங்காத்தாள்

துணி காய்ந்துவிட்டதா என்று ரங்காத்தாள் கையால் தொட்டுப் பார்ப்பதில்லை. கயிற்றில் தொங்கும் பனியன் துணியின் ஓரத்தை இழுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் நிற்கிறார். பிறகு "இன்னுஞ் சித்த கெடக்கட்டும்" என்கிறார். காய்ந்திருந்தால் துணியை உருவித் தோளில் போட்டுக்கொள்கிறார். ஏன் கன்னத்தில் வைக்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "கையி பொய் சொல்லுமுங்க. வருசக்கணக்காச் சலவச் சோடாத் தண்ணியில ஊறுன கையி. அதுக்கு ஈரமும் ஒண்ணுதான், காஞ்சதும் ஒண்ணுதான்" என்றார்.

ஐம்பத்தைந்து வயதிருக்கும். நல்ல உயரம், நல்ல கறுப்பு. கணவர் போன பிறகு கட்டத் தொடங்கிய வெள்ளைச் சேலை. வெளுத்த துணிகளுக்கு நடுவில் அவர் நிற்கும்போது தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு முகமும் இரண்டு கைகளும் மட்டும் நடமாடுவதுபோல் இருக்கும். முந்தானை ஓரத்தில் மட்டும் நீலம் எப்போதும் படிந்திருக்கும். அத்தனை பேர் துணியிலும் கறையைப் போக்குகிறவர், தம் சேலையில் இருக்கும் அந்தக் கறையைக் கண்டுகொள்வதில்லை.

இப்போது இதெல்லாம் நடப்பது பெருமாநல்லூர் சாலையோரம் அவர் குத்தகைக்குப் பிடித்திருக்கும் ஒரு புன்செய்க் காட்டில். நாலைந்து வருடத்துக்கு முன்பு வரை எங்கள் வீதியின் நடுவிலேயே நடந்தது. எங்கள் வீதி என்று சொல்வதுகூட இப்போதுதான் பொருந்தும். அன்றைக்கு அது அவருடைய வீதி.

அவருடைய கணவர் சாமியப்பன், திருப்பூரில் பனியன் கம்பெனிகள் பெருகத் தொடங்கிய காலத்தில், தம் பருத்திக் காட்டை மனைகளாகப் பிரித்து விற்றார். மனைகளுக்கு நடுவே வண்டி போக இருபதடி வழி விட்டார். மனைகளைத்தான் விற்றாரே தவிர, வழியை விற்கவில்லை. அது அவர் பெயரிலேயே கிடந்தது. அவர் காலமானதும் அந்த வழியும், அதன் மேட்டுக் கோடியில் இருந்த வீடும் சலவைப் பட்டறையும் ரங்காத்தாளுக்கு வந்தன. பிள்ளைகள் இல்லை. பட்டறையில் வேலை செய்த ஏழெட்டுப் பேரும் அந்த வீதியும்தான் அவருக்கு எல்லாம்.

கம்பெனிகளிலிருந்து துணி மங்கிய மஞ்சள் நிறத்தில், நீண்ட குழாயாக வரும். சோடாவில் வேகவைத்து, வெளுக்கும் பவுடர்த் தண்ணீரில் ஊறப்போட்டு, அலசி, நீலம் காட்டிப் பிழிந்தால் மல்லிகைப்பூ மாதிரி ஆகிவிடும். அதைக் காயப்போட இடம் வேண்டாமா? வீதியின் இருபுறச் சுவர்களிலும் கொக்கி அடித்து, குறுக்கே கயிறு கட்டியிருந்தார். காலை எட்டு மணிக்கெல்லாம் மேட்டிலிருந்து பள்ளம் வரை வெள்ளைத் துணி தொங்கும். வேலைக்குப் போகிறவர்கள், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள், தபால்காரர் எல்லாரும் குனிந்துதான் போகவேண்டும். புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண்கள் நாள் முழுக்கக் குனிந்தே நடந்து, அடக்கமான பெண் என்று மாமியாரிடம் பேர் வாங்கினார்கள். ஒருமுறை ஓட்டுக் கேட்டு வந்த ஒரு பெரிய மனிதரின் சட்டையில் நீலத் தண்ணீர் சொட்டிவிட்டது. ரங்காத்தாள் அந்தச் சட்டையைக் கழற்றி வாங்கி, அங்கேயே வெளுத்து உலர்த்திக் கொடுத்தார். அதுவரை அந்தப் பெரிய மனிதர் துண்டைப் போர்த்திக்கொண்டு பட்டறைக்குள் உட்கார்ந்திருந்தார். கூட வந்தவர்கள் வெளியே நின்று கோஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

கல்யாணம், சாவு என்றால் ஒரு வார்த்தை சொன்னால் போதும். கயிறு முழுவதையும் அவிழ்த்துவிடுவார். அன்றைக்குப் பட்டறைக்கே விடுமுறை.

ஆனாலும் குறை இல்லாமல் இல்லை. வீதியில் விளக்கு கிடையாது. சாக்கடை கிடையாது. மழை பெய்தால் முழங்கால் சேறு. குடிதண்ணீருக்குப் பெண்கள் குடத்தோடு ஸ்டேஷன் ரோட்டுக் குழாய்க்குப் போய் வரிசையில் நின்றார்கள். முனிசிபாலிட்டியில் போய்க் கேட்டால், அது தனியார் வழி, எங்கள் கை அங்கே நீளாது என்றார்கள். வழிக்குச் சொந்தக்காரர் ஊருக்கென்று எழுதிக் கொடுத்தால் எல்லாம் செய்வார்களாம். அப்படிக் கொடுத்தபின் குறுக்கே கயிறு கட்டக் கூடாது என்றும் சொல்லி அனுப்பினார்கள்.

இதை ரங்காத்தாளிடம் போய்ச் சொல்லும் பொறுப்பு லிங்கசாமிக்கு வந்தது. அவர் ஒரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். பள்ளத்தில் கடைசிக்கு இரண்டு வீடு முன்னால் குடியிருந்தார். அதிர்ந்து பேசத் தெரியாதவர். ஞாயிற்றுக்கிழமை தோறும் வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு மேட்டுக்குப் போவார்.

"வீதியப் பத்தி ஓசன பண்ணுனீங்களாக்கா?" என்று கேட்பார்.

"பண்ணிக்கிட்டேதானுங்க தம்பி இருக்கறேன். மொதல்ல மோரக் குடிங்க" என்பார் ரங்காத்தாள்.

மோரைக் குடித்துவிட்டு, மழையைப் பற்றியும் நூல் விலையைப் பற்றியும் பேசிவிட்டு, லிங்கசாமி குனிந்தபடியே கீழே இறங்கி வருவார். ஒரு வருடத்துக்கு மேல் இப்படியே நடந்தது. இருவருக்கும் ஒருநாளும் குரல் உயர்ந்ததில்லை. ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் ரங்காத்தாள் மனதைத் திறந்து சொன்னாராம். "ஊருக்குன்னு எழுதிட்டா, அப்பறம் ஒரு கயித்தக் கட்டோணும்னாலும் ஊரக் கேக்கோணும். ஊருங்கறவரு எந்த ஊட்டுல இருக்கறாருங்க? யாருகிட்டப் போயிக் கேக்கறது நானு?" லிங்கசாமி மோர் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்துவிட்டார்.

எங்களுக்கெல்லாம் தெரிந்த இன்னொரு விஷயம் இருந்தது. அதை ரங்காத்தாளிடம் லிங்கசாமியும் சொல்லவில்லை, வேறு யாரும் சொல்லவில்லை. பட்டறையின் கழிவுத் தண்ணீர் மேட்டிலிருந்து மண்ணுக்குள் இறங்கி, நாலு வீட்டுக்கு ஒன்றாக இருந்த எங்கள் கிணறுகளைக் கெடுத்துவிட்டிருந்தது. மேட்டில் இருந்த அவருடைய கிணறு மட்டும் நன்றாக இருந்தது. மற்றவர்கள் வீட்டுக்கு அவர் போவதும் இல்லை. எதற்கும் நாங்கள்தான் அங்கே போவோம்.

அந்தத் தை மாதம் லிங்கசாமியின் மகள் சாரதாமணிக்கு உப்புச்சர்க்கரை மாற்றினார்கள். பெண்ணைப் பேசி முடித்து நிச்சயம் செய்வதை இந்தப் பக்கத்தில் அப்படித்தான் சொல்கிறார்கள். கயிறெல்லாம் அவிழ்த்துவிட்டதால் வீதி அகலமாகத் தெரிந்தது. வரமாட்டார் என்று நினைத்த ரங்காத்தாள், தட்டு நிறைய பழத்தோடு வந்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் அவிநாசியிலிருந்து இரண்டு வேன் நிறைய வந்திருந்தார்கள். ஸ்டேஷன் ரோட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீர் சீக்கிரமே தீர்ந்துபோயிற்று. வெயிலுக்குத் தாகம் எடுக்கவே, யாரையும் தொந்தரவு செய்ய வேண்டாமென்று ரங்காத்தாள் தாமே சமையல் தாழ்வாரத்துக்குப் போனார். அங்கிருந்த அண்டாவில் டம்ளரை விட்டு மொண்டார்.

லிங்கசாமியின் மனைவி செல்லாத்தாள் பார்த்துவிட்டு ஓடிவருவதற்குள் பாதி டம்ளர் உள்ளே போய்விட்டது.

"இது நம்ம பவுடரு வாசமல்லங்க?" என்றார் ரங்காத்தாள்.

செல்லாத்தாள் டம்ளரை வாங்கக் கையை நீட்டியபடி நின்றார். "அது பாத்தரம் கழுவறதுக்கு வெச்சதுங்க அக்கா. குடிக்கறதுக்கு நாங்க டேசன் ரோட்டுத் தண்ணிதான்."

"எத்தன நாளா இப்பிடி இருக்குது?"

"ரண்டு மூணு வருசமா இருக்குமுங்க."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமல்லோ?"

"சொன்னா உங்களுக்குச் சங்கடமா இருக்குமுங்களேன்னுதான்" என்றார் செல்லாத்தாள்.

ரங்காத்தாள் டம்ளரில் மிச்சமிருந்ததையும் குடித்தார். பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். சாரதாமணியின் நெற்றியில் திருநீறு பூசச் சொன்னபோது, நான் பூசலாமா என்று தயங்கினார். செல்லாத்தாள் அவர் கையைப் பிடித்து இழுத்துப் பூச வைத்தார். செல்லாத்தாளைத் தவிர யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

மறுநாள் காலை துணி அலசி வந்தும் கயிறு கட்டவில்லை. ஆட்கள் ஈரத் துணியைத் தோளில் சுமந்தபடி காத்து நின்றார்கள். ரங்காத்தாள் ஒரு செம்பை எடுத்துக்கொண்டு வீதியில் இறங்கினார். முதல் கிணற்றில் ஒரு வாளி சேந்தி, செம்பில் ஊற்றிக் குடித்துப் பார்த்தார். அடுத்த கிணற்றுக்குப் போனார். வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்து நின்றார்கள். சிலர் வீட்டுக்குள் போய் நல்ல தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார்கள். அவர் வாங்கவில்லை. பள்ளத்துக்குப் போகப் போகத் தண்ணீர் மோசமாக இருந்தது. கடைசிக் கிணற்றில் வாயில் விட்டதை விழுங்க முடியாமல் துப்பினார். சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு, வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த லிங்கசாமியின் வாசலில் போய் நின்றார். "தம்பி, எங்க கையெழுத்துப் போடோணும்னு சொல்லுங்க. பட்டறையையும் இங்கிருந்து எடுத்தர்றேன்" என்றார்.

செய்தி காங்கேயம் வரை போயிற்று. அங்கே எண்ணெய்ச் செக்கு வைத்திருந்த அவருடைய அண்ணன் ஆத்தப்பன் பஸ் பிடித்து வந்து, பொன் விளைகிற இடத்தைச் சும்மா தூக்கிக் கொடுக்கிறாயா என்று பாதி நாள் சத்தம் போட்டார். தங்கை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சும்மாக் குடுக்கலீங்ணா. அவிய கெணத்துல இத்தன நாளா என்ற பட்டறத் தண்ணிதான் போயிருக்குது" என்றார். அண்ணனுக்கு அது புரிந்ததோ இல்லையோ, சாப்பிடாமல் போய்விட்டார். ஒரு தீபாவளி கழிந்து மறு தீபாவளிக்குத்தான் வந்தார்.

பத்திரம் பதிகிற இடத்தில் நானும் லிங்கசாமியும் சாட்சி. இஷ்டப்பட்டுத்தான் எழுதிக் கொடுக்கிறீர்களா என்று அதிகாரி வழக்கம்போலக் கேட்டார். ரங்காத்தாள், "கஷ்டமாத்தானுங்க இருக்குது. ஆனா இஷ்டந்தான்" என்றார். அதிகாரி சிரித்துவிட்டார். லிங்கசாமி மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதன் பிறகு எல்லாம் ஒரே நாளில் நடந்துவிடவில்லை. பட்டறையை மாற்றிய வருடம் இரண்டு கம்பெனிகள் தூரம் என்று சொல்லித் துணியை வேறிடம் கொடுத்தன. ஆட்களில் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். ரங்காத்தாள் தாமே சோடாத் தொட்டியில் இறங்கித் துணி மிதித்ததாகக் கேள்விப்பட்டோம். வெள்ளை குறையாததால் கம்பெனிகள் மெல்லத் திரும்பி வந்தன. வீதிக்கு முதலில் சாக்கடை வந்தது, பிறகு கம்பமும் விளக்கும், ஜல்லியும் தாரும். எல்லாவற்றுக்கும் கடைசியில் குழாய் வந்தது. முதல் குடத்தை ரங்காத்தாள்தான் பிடிக்கவேண்டும் என்று பெண்கள் எல்லாரும் பிடிவாதம் பிடித்தார்கள். தமக்குத்தான் நல்ல கிணறு இருக்கிறதே என்று சொல்லிச் செல்லாத்தாளை முன்னால் தள்ளிவிட்டார். முனிசிபாலிட்டி வீதிக்கு ஏதோ ஒரு பெயர் வைத்துப் பலகையும் அடித்திருக்கிறது. ஊரில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. ஒரு கயிறுகூட இல்லாத அந்த வீதிக்கு இன்றும் கயிற்று வீதி என்றுதான் பெயர்.

காட்டிலே கழிவுத் தண்ணீர் போக நெடுந்தூரம் வாய்க்கால் வெட்டி, பாறைப் பள்ளத்தில் விட்டிருக்கிறார். அங்கே இருக்கும் கிணற்றுத் தண்ணீரைத்தான் நாள் முழுக்கக் குடிக்கிறார். வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டுபோவதில்லை. "ருசி மாறுச்சுன்னா மொதல்ல எனக்குத் தெரியோணுமல்லங்க" என்கிறார். மத்தியானம் ஆட்களோடு உட்கார்ந்து கம்மஞ்சோறு சாப்பிடுகிறார். சாப்பிட்டதும் வேப்பமரத்தடியில் சின்னதாக ஒரு குறட்டை. யாராவது எழுப்பினால், தூங்கவே இல்லை என்று சாதிக்கிறார்.

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் வீடு திரும்புகிறார். போன வாரம் நான் வாசலில் நின்றுகொண்டிருந்தபோது, பள்ளத்திலிருந்து மேட்டை நோக்கி வீதியின் நட்டநடுவில் அவர் நிதானமாக ஏறி வந்துகொண்டிருந்தார். பின்னால் ஒரு சைக்கிள். கேரியரில் பனியன் பெட்டிகளைத் தலைக்கு மேல் அடுக்கிக் கட்டியிருந்த அந்த ஆள் ஊருக்குப் புதிது. மூச்சு வாங்க மிதித்து வந்தவர், விடாமல் மணி அடித்தார். "ஓரமாப் போங்கம்மா" என்றார். ரங்காத்தாள் திரும்பிப் பார்த்தார். சேலைத் தலைப்பைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு சாக்கடைக் கல்மேல் ஏறி நின்றார். வலது கையை அகல நீட்டி, வீட்டுக்கு வந்த விருந்தாளியை உள்ளே போகச் சொல்வதுபோல், அந்தச் சைக்கிள்காரருக்கு வழியைக் காட்டினார்.