பொட்டு வைத்த ஒட்டு

என் மேஜையில் காகிதம் பறக்காமல் இருக்க ஓர் இரும்புத் துண்டு வைத்திருக்கிறேன். கோழிமுட்டை அளவு இருக்கும். ஒரு பக்கம் துளை, மறுபக்கம் உடைந்த வாய். உடைந்த இடத்தை ஒட்டி இரும்பு முண்டு முண்டாக வழிந்து உறைந்திருக்கிறது. பார்க்கச் சகிக்காது. போன மாதம் என் மகள் இரண்டு விளம்பரத் தாள்களை அதன் அடியில் செருகிவிட்டு, "அப்பா, ஸ்டிக் வாங்கலாமா, மிக் வாங்கலாமா? நீங்கதான் சொல்லணும்" என்றாள். செவிலிமேட்டில் நாங்கள் கட்டிய வீட்டுக் கேட்டின் கீல் விட்டுப் போயிருந்தது. மாடியில் தண்ணீர்த் தொட்டியின் இரும்புத் தாங்கி ஆடுகிறது. ஒவ்வொன்றுக்கும் ஆள் தேடி அலைவதைவிட வெல்டிங் மெஷினே ஒன்று வாங்கிவிடலாம் என்று அவளுக்கு எண்ணம். ஸ்டிக் என்றால் குச்சி குச்சியாக ராடு வைத்து ஒட்டுவது, மிக் என்றால் சுருளிலிருந்து கம்பி தானே வந்துகொண்டிருக்கும் என்று அவளே விளக்கமும் சொன்னாள். வெல்டிங் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு வெற்றிலை எச்சில் நாற்றம் அடிக்கும். ஐம்பது வருஷமாக அப்படித்தான்.

அந்த எச்சில் என் அக்காவின் புருஷனுடையது. எழுபதுகளின் தொடக்கத்தில் நான் படிப்பை முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தேன். பெரிய காஞ்சிபுரத்தில் நெசவாளர் தெரு ஒன்றில் இருந்த அவர் வீட்டில்தான் சாப்பாடும் படுக்கையும். மாமா ஒரு பட்டுக்கடையில் புடவை விரித்துக் காட்டும் வேலையில் இருந்தார். வெள்ளை வேட்டி, விபூதிப் பட்டை, வாய் ஓயாத வெற்றிலை. புடவையில் கறை இருந்தால் அது உள்மடிப்பில் போகும்படி ஒரே வீச்சில் மடித்துவிடுவார். அந்தச் சாமர்த்தியத்தை வீட்டுக்கு வந்தும் பெருமையாகச் சொல்வார். கேட்கும்போதே எனக்குக் குமட்டும். ஆனால் அவர் போட்ட சோற்றைத் தின்றுகொண்டுதான் குமட்டியது.

வீட்டு ரிப்பேரெல்லாம் தானே செய்துகொள்ள வேண்டும் என்ற பித்து அவருக்கு எப்படி வந்ததோ தெரியாது. மெட்ராஸில் பழைய இரும்புக் கடை ஒன்றுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அன்றைக்கு மிக் என்ற பேச்சே கிடையாது. கேஸா, கரண்டா என்பதுதான் கேள்வி. கடைக்காரர் இரண்டையும் காட்டினார். ஒன்று சிலிண்டரும் ரப்பர் குழாயும் கார்பைடு டப்பாவுமாகக் கேஸ் செட். மற்றது எண்ணெய் வழியும் ஒரு பெரிய பெட்டி, கரண்ட் வெல்டிங் மெஷின். "வீட்டு வேலைக்கு மெல்லிசுத் தகடு, குழா, வார்ப்புச் சாமான்தான் வரும். கேஸ் எடுத்துக்கினு போங்க" என்றார் கடைக்காரர். மாமா பெட்டியைத் தட்டிப் பார்த்தார். "நெருப்பு ஊதறது பொம்பள வேல. இதப் பாரு, ஆம்பள மெஷின்" என்றார். இப்படித்தான் தேர்வு நடந்தது.

அவர் மெஷினைப் போட்டால் தெருவிலே விளக்கெல்லாம் மங்கும். எங்கள் தெருவில் பகலிலும் பல்பு எரிய நெய்கிற வீடுகள் அதிகம். இழை தெரியாமல் தறியை நிறுத்திவிட்டு ஒவ்வொரு வாசலிலும் ஆள் வந்து நிற்பார்கள். மாமா கண்டுகொள்ள மாட்டார். வாளியைப் பற்றவைக்கப் போய் ஓட்டையைப் பெரிதாக்கினார். இரும்புக் கட்டிலின் கால் ஒன்றைக் கோணலாக ஒட்டினார். ஒவ்வொரு ஒட்டும் முடிந்ததும், சிவக்கச் சிவக்க இருக்கும்போதே குனிந்து அதன்மேல் வெற்றிலை எச்சிலைத் துப்புவார். 'சுர்' என்று புகை எழும். "ஆறிட்சி பார்" என்பார். அந்த நாற்றத்தை விவரிக்க எனக்கு இஷ்டமில்லை.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தறியில் ஒரு பாவு, அதாவது நீளவாக்கில் ஓடும் இழைகள், முடிகிற நேரத்தில் அதன் நுனிகளோடு புதுப் பாவின் நுனிகளைச் சேர்த்துப் பிணைக்க வேண்டும். கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் சாம்பலைத் தொட்டுக்கொண்டு இழைக்கு இழை முறுக்கிவிட வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். ஒன்று விட்டாலும் புடவையில் கோடாகத் தெரியும். அந்தத் தெருவில் பிணைப்பதற்கு அக்காவைத்தான் கூப்பிடுவார்கள். அவள் கட்டைவிரல் ஓடுகிற வேகத்தைப் பார்க்கவே பெண்கள் வந்து உட்காருவார்கள். "இதுக்கு கரண்டும் வேணாம் கேஸும் வேணாம்டா தம்பி" என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பாள், மாமா காதில் விழாமல்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் கிணற்று ராட்டினத்தைத் தாங்குகிற காது விரிசல் விட்டது. பழைய வார்ப்பிரும்பு. தெருமுனையில் சைக்கிள் கடை வைத்திருந்த பாய் கேஸ் வெல்டிங் செய்வார். அக்கா அவரிடம் காட்டச் சொன்னாள். வந்து பார்த்தவர், "இது வார்ப்பு இரும்புபா. கரண்ட வச்சா பக்கத்துலயே வெடிச்சிக்கும். பித்தள விட்டு கேஸ்ல ஒட்டணும். நானே செஞ்சி தரேன்" என்றார். மாமாவுக்கு முகம் கறுத்துவிட்டது. "பித்தளய வச்சு ஒட்டறதுக்கு இது என்னா குத்துவிளக்கா? இரும்புக்கு இரும்புதான் பாய். நீங்க போய் சைக்கிளப் பாருங்க" என்றார். பாய் கடைக்குத் திரும்பிப் போய்விட்டார்.

மாமா ராடு வைத்து ஒட்டினார். வழக்கம்போலத் துப்பினார். புகை அடங்கியபோது நான் பக்கத்தில் நின்றிருந்தேன். 'டிக்' என்று ஒரு சத்தம். சிறு சத்தம்தான், பல்லி சொல்வதுபோல. குனிந்து பார்த்தேன். ஒட்டுக்கு அரை விரல் தள்ளி, புதிதாக ஒரு கோடு. பட்டு இழையைவிட மெல்லிசு. பாய் சொன்னது சொன்னபடி நடந்திருந்தது. மாமா கைகழுவப் போயிருந்தார்.

மறுநாள் பூஜை. அக்காவின் தறி, அதில் ஓடும் நாடா, அரிவாள்மணை, மெஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். பூஜை போட்ட சாமானை மறுநாள் விஜயதசமி வரைக்கும் தொடக் கூடாது. "மெஷினோட மொத பெரிய வேல. ராட்டினத்துக்கும் பொட்டு வை மச்சான். ரெண்டு நாள் பக்கத்து வீட்டு கெணத்துல மொண்டுக்கலாம்" என்றார் மாமா. சந்தனக் கிண்ணம் என் கையில் இருந்தது. எங்கே வைக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. நானாகத்தான் வைத்தேன். அந்தக் கோட்டின்மேல் சந்தனத்தைக் குழைத்து அப்பி, நடுவில் குங்குமத்தை அழுத்தினேன். கோடு மறைந்துபோயிற்று. நல்ல நாளில் அவர் வாயில் விழ வேண்டாம், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். உள்மடிப்பில் கறையை மடிக்கிறவரைப் பார்த்துக் குமட்டியவன் நான்.

விஜயதசமி காலையில் அக்காதான் முதல் வாளி இறைத்தாள். நான் கூடத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். சொல்ல வேண்டும் என்று எழுந்தேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. எழவில்லை. ராட்டினம் விழுந்த சத்தமும் அக்காவின் குரலும் ஒன்றாகக் கேட்டன. கிணற்றுச் சுவரின்மேல் ஊன்றியிருந்த அவளது வலது கையின் கட்டைவிரல் நசுங்கிப்போயிருந்தது.

பாய்தான் ரிக்‌ஷா கொண்டுவந்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். மாமா கிணற்றடியில் நின்று, "பாய் கண்ணு பட்டுட்ச்சி" என்றார். அதோடு விட்டாரா? அன்று மாலையே மெஷினை இழுத்துக்கொண்டு வந்து, "ராடு மாத்திப் பாக்கறேன். ஒடஞ்ச காது எங்கடா?" என்று கிணற்றடியெங்கும் தேடினார். கிடைக்கவில்லை. கிணற்றுக்குள் விழுந்திருக்கும் என்று முடிவு கட்டினார். தேடித் தேடிக் களைத்தவர் கிணற்றடியிலேயே துப்பினார். மனிதர்களில் இப்படியும் ஒரு பிறவி உண்டா என்று அப்போது நினைத்தேன். என்னையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று தோன்ற எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது.

விரல் இருந்தது, மடங்கவில்லை. தெருவில் பிணைக்க வேறு ஆளைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். "போனா போவுது, வூட்டு வேல செய்யறதுக்கு அந்தக் கையி போதும்" என்றார் மாமா. யார் வீட்டிலாவது பாவு பிணைக்கிறார்கள் என்று தெரிந்தால் அக்கா அந்தப் பக்கம் போகமாட்டாள்.

பல வருஷம் கழித்து, மாமா காலமான பிறகு, நான் செவிலிமேட்டில் வீடு கட்டிக் குடி வந்தபோது அக்கா பார்க்க வந்தாள். மடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து இடது கையாலேயே அவிழ்த்தாள். உள்ளே இந்த இரும்புத் துண்டு.

"கெணத்துல வுழலடா. நான்தான் முந்தானையில முடிஞ்சிக்கினு ஆஸ்பத்திரிக்குப் போனேன்" என்றாள். "பொட்டு வச்ச எடத்துலயே சரியா ஒடஞ்சி இருந்துச்சி. உங்க மாமா பார்த்தா உன்ன தெருவுல நிக்கவச்சிடுவாரு. அதான் கழுவிட்டேன்."

கழுவியது எந்தக் கையால் என்று நான் கேட்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. "காபி குடிக்கிறியா அக்கா?" என்றுதான் கேட்டேன். என்ன வாய் இது! அக்கா இப்போது இல்லை.

சென்ற வாரம் மகள் மிக் மெஷினே வாங்கிவிட்டாள். மெல்லிசுக் குழாய்க்கு அதுதான் சரி, கனத்த இரும்புக்கும் துருப்பிடித்ததற்கும் ஸ்டிக் நல்லது என்று யாரோ சொன்னார்களாம். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். கேட்டின் கீலைத் தானே ஒட்டினாள். ஒட்டு சுத்தமாகவே இருந்தது. பிறகு உள்ளே போய்க் குங்குமச் சிமிழோடு வந்தாள். "புது மெஷின், மொத வேல. ஒட்டுமேல ஒரு பொட்டு வச்சிடவாப்பா?"

"வேணாம்" என்றேன். நான் கத்தியிருக்க வேண்டும். அவள் சிமிழை மூடிவிட்டு என்னையே பார்த்தாள். பிறகு என் அறைக்குள் போய் அந்த இரும்புத் துண்டை எடுத்து வந்தாள். நான் அதைத் தினமும் பார்ப்பது அவளுக்குத் தெரியும், ஏன் என்று மட்டும் தெரியாது. வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உடைந்த வாயின் ஓரத்தில் ஒரு சிறு பள்ளத்தை நகத்தால் சுரண்டினாள்.

"இந்தச் செவப்பு என்னப்பா? துருவா?"

"துரு இல்லம்மா" என்றேன். "குங்குமம். நான் வச்சது."