டாக்டரம்மா எழுதாத வாரங்கள்

மண்ணெண்ணெய் அடுப்பின் மேல் எவர்சில்வர் பாத்திரத்தில் கண்ணாடி சிரிஞ்சுகள் கொதித்துக்கொண்டிருக்கும். அந்த ஆவி மேசைவரைக்கும் வந்து டாக்டரம்மாவின் மூக்குக்கண்ணாடியில் படியும். கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்து மாட்டிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து எழுதுவார். காலைக் கூட்டம் கலைந்து, ஓசூர் பஸ்ஸும் போய்விட்ட பிறகு, சாயங்காலக் கூட்டம் வந்து சேரும்வரை உள்ள நேரம்தான் அவருக்குச் சொந்தம். சாப்பாட்டுத் தட்டைக்கூட அரைகுறையாக ஒதுக்கி வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். நான் ஊசிகளை இடுக்கியால் எடுத்து அடுக்கும் சத்தமும், அவருடைய பேனா காகிதத்தில் ஓடும் சத்தமும் தவிர அந்த அறையில் வேறு ஒன்றும் இருக்காது. இப்போது நினைத்தாலும் அந்த மண்ணெண்ணெய் வாசனையோடுதான் அவர் முகம் எனக்கு வருகிறது.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் மாரண்டஹள்ளிக்கு நர்ஸாக வந்தேன். பாப்பிரெட்டிப்பட்டியில் தையல் கடை வைத்திருந்த என் அத்தா, மகளைத் தனியே அனுப்ப மனமில்லாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்து என்னை டாக்டரம்மாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். கிளினிக்கின் பின்னறை எனக்கு, மாடி டாக்டரம்மாவுக்கு. அவர் திருச்சிப் பக்கத்துக்காரர். நாற்பதைத் தாண்டியவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் இந்த ஊருக்கு வந்தார் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. ஊரில் அவரைத் தெரியாதவர் கிடையாது. பாதி ஊர்ப் பிள்ளைகள் அவர் கையில் பிறந்தவர்கள். தெருவில் நடந்தால் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தவர்கள்கூட எழுந்து நிற்பார்கள். ஆனால் யாரும் அவரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசியதில்லை. மரியாதை என்பது ஒரு ஆளை எவ்வளவு தூரத்தில் நிறுத்திவிடும் என்பதை நான் அவரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். மாடியில் ராத்திரி ஒன்பது மணிவரை ரேடியோ பாடும். பிறகு அதுவும் நின்றுவிடும்.

அந்தத் தனிமைக்கு அவர் கண்டுபிடித்திருந்த வழிதான் எழுத்து. சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு வாரப் பத்திரிகையில் வாராவாரம் ஒரு பக்கம் எழுதினார். இன்னின்ன காய்கறி சாப்பிடுங்கள் என்கிற மாதிரியான வைத்தியக் குறிப்பு அல்ல. தன்னிடம் வந்த மனிதர்களைப் பற்றி எழுதினார். காது கேட்காத புருஷனுக்குப் பதிலாகத் தானே எல்லா நோவையும் விவரிக்கும் மனைவி, ஊசிக்குப் பயந்து பெஞ்சுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்ட போலீஸ்காரர், இப்படி. ஊர்ப் பெயரை மாற்றுவார், ஆளின் தொழிலை மாற்றுவார். அவர் கையெழுத்தை அச்சுக்கூடத்தில் படிக்க முடியவில்லை என்று சொன்னதால், நான்தான் நகல் எடுத்துத் தபாலில் சேர்ப்பேன். வாசகர்களிடமிருந்து கடிதங்கள் வரும். மதியச் சாப்பாட்டின்போது இடது கையில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, எதிரில் யாரோ உட்கார்ந்து பேசுவதுபோல் தலையாட்டியபடி சாப்பிடுவார்.

எங்களிடம் அடிக்கடி வருகிறவர்களில் ஒரு பெண் இருந்தாள். தக்காளி மண்டியில் தரகு செய்கிறவரின் மனைவி. வீட்டில் கன்னடம் பேசுகிற குடும்பம். கல்யாணமாகிச் சில வருஷங்கள் ஆகியும் குழந்தை இல்லை. தலைவலி என்றுதான் வருவாள். ரத்தம், கண், காது என்று டாக்டரம்மா எல்லாம் பார்த்துவிட்டார், எதுவும் இல்லை. எப்படி வலிக்கிறது என்று கேட்டால், "தலைக்குள்ளாற யாரோ நடக்கறாப்பல இருக்குதுங்க" என்பாள். வேறு மாதிரி சொல்லவே மாட்டாள். மாத்திரையைக் கொடுத்த பிறகும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். டாக்டரம்மா இரண்டு நோயாளிகளுக்கு நடுவில் அவளைப் பார்த்து, "இன்னைக்கு என்ன சமையல்?" என்று கேட்பார். அவள் சொல்லுவாள். மாமியார் சொன்னது, மாடு முட்டியது, அவரைக்காய் விலை எல்லாம் சொல்லுவாள். சொல்லி முடித்ததும் எழுந்து போய்விடுவாள். அவள் மாத்திரைக்கு வரவில்லை, அந்த ஒரு கேள்விக்குத்தான் வருகிறாள் என்பது எனக்கே புரிந்தது.

டாக்டரம்மா அதை எழுதினார். அவர் எழுதியதிலேயே அழகானது அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். தரகரை மாந்தோப்புக்காரர் ஆக்கியிருந்தார், ஊரை எங்கோ தெற்கே கொண்டுபோயிருந்தார். 'இவளுக்கு நோய் எதுவும் இல்லை. பேச ஆள் இல்லை, அவ்வளவுதான். அந்த விஷயத்தில் எனக்கும் அவளுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை' என்று முடித்திருந்தார். ஆனால் அவள் சொன்ன அந்த வார்த்தையை மட்டும் மாற்ற மனம் வராமல் அப்படியே விட்டுவிட்டார்.

அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. தலைக்குள் யாரோ நடக்கிறார்கள் என்று அவள் கிணற்றடியில், மாவு மில்லில், எல்லா இடத்திலும் சொல்லியிருக்கிறாள். சலூனில் யாரோ பத்திரிகையைச் சத்தமாகப் படித்தார்களாம். அன்று மாலைக்குள் அது மண்டிக்குப் போய்ச் சேர்ந்தது. கூடைகளுக்கு நடுவில் ஒருவன் தரகரைப் பார்த்து, "உம் பொண்டாட்டி தலைக்குள்ளாற நடக்கறது யாருப்பா?" என்று கேட்டிருக்கிறான். மொத்த மண்டியும் சிரித்திருக்கிறது. இதையெல்லாம் எங்கள் கிளினிக்கைப் பெருக்கித் துடைக்கும் அம்மாதான் என்னிடம் சொன்னாள்.

அதற்குப் பிறகு அந்தப் பெண் வரவில்லை. மற்றவர்கள் வந்தார்கள், ஆனால் வாயைத் திறப்பதில்லை. "காய்ச்சலுங்க", "இருமலுங்க" என்பதோடு சரி. டாக்டரம்மா மேலே ஏதாவது கேட்டால் என்னைப் பார்ப்பார்கள், மேசையில் இருக்கிற காகிதத்தைப் பார்ப்பார்கள். ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டார்: "பொஸ்தகத்துல போட மாட்டீங்கன்னா சொல்றேனுங்க." டாக்டரம்மாவும் சிரித்தார். அன்று மதியம் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு எழுதத்தான் செய்தார். அந்தப் பக்கத்தை விட முடியவில்லை அவரால். வேறு யார் இருந்தார்கள் அவருக்கு?

சில மாதங்கள் கழித்து, காலை நேரம், பெஞ்ச் நிறைய ஆட்கள். பெருக்குகிற அம்மா துடைப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டே உள்ளே வந்தாள். "தரகர் பொண்டாட்டி முழுகாம இருக்குதுங்களாமே, ஏழு மாசமாம். மூஞ்சி, காலு எல்லாம் வீங்கிப் போயிருக்குது. தலையில துணியக் கட்டிக்கிட்டு உக்காந்துக்கிட்டே இருக்குது. வழக்கமா வர்ற தலநோவுதானேன்னு மாமியா சொல்லுது" என்றாள். டாக்டரம்மா ஒரு குழந்தையின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்திருந்தார். அதை முடித்துவிட்டு எழுந்தார். ரத்த அழுத்தம் பார்க்கிற பெட்டியை என் கையில் கொடுத்து, "வா, சிஸ்டர்" என்றார். காத்திருந்தவர்களிடம் ஒன்றும் சொல்லாமல் அவர் வெளியே போனதை அன்றுதான் பார்த்தேன்.

தரகர் வீட்டு வாசலில் மாமியார் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் முறத்தை நகர்த்தி வழியை அடைப்பதுபோல் வைத்தாள். "பேடாம்மா, வேண்டாம்" என்று கன்னடத்திலும் தமிழிலுமாகச் சொன்னாள். சத்தம் கேட்டுத் தரகர் வெளியே வந்தார். கோபக்காரர் இல்லை, கூச்சப்பட்டுப் போன மனிதர். டாக்டரம்மாவை நேராகப் பார்க்காமலேயே பேசினார்.

"தலநோவுதாங்க. அதுக்கு நோவே ஒண்ணும் இல்லைன்னு நீங்கதானேங்க எழுதினீங்க."

டாக்டரம்மாவின் முகத்தை நான் பார்த்தேன். யாரோ கன்னத்தில் அறைந்ததுபோல் இருந்தது. ஆனால் குரல் உயரவில்லை. "அப்போ இல்லை. இப்போ இருக்கலாம். அப்போ வந்த தலைவலி வேற, இது வேற. ஒரே ஒரு தடவை கையில பட்டையைக் கட்டிப் பார்த்துட்டுப் போயிடறேன்."

"பாத்துட்டுப் போய் இதையும் எழுதுவீங்க. மண்டியில நான் தலை நிமுந்து நிக்க வேணாங்களா?"

"எழுத மாட்டேன்."

"இவளப் பத்தி எழுத மாட்டீங்க. எங்க ஆத்தாளப் பத்தி எழுதுவீங்க."

டாக்டரம்மா கதவுக்குள் எட்டிப் பார்த்தார். "யாரைப் பத்தியும் எழுத மாட்டேன். இனிமே எழுதறதே இல்லை. இது சத்தியம். சிஸ்டர் சாட்சி. இப்போ வழி விடுங்க" என்றார்.

தரகர் என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து தன் கையால் அந்த முறத்தை எடுத்து ஓரமாக வைத்தார்.

உள்ளே இருட்டில் அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வளையல்கள் சதைக்குள் புதைந்திருந்தன. விளக்கைப் பார்த்தால் இரண்டு இரண்டாகத் தெரிகிறது என்றாள். ரத்த அழுத்தப் பெட்டியில் பாதரசம் ஏறி நின்ற இடத்தைப் பார்த்ததும் டாக்டரம்மா என்னிடம், "கார் பிடி" என்றார். தர்மபுரிப் பெரிய ஆஸ்பத்திரிவரை அவள் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். கார் பாலக்கோட்டைத் தாண்டும்போது அவளுக்கு வலிப்பு வந்தது. மூச்சு அடைத்துவிடாமல் இருக்க அவளை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்ச தூரம்தாம்மா, இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்று டாக்டரம்மா சொல்லிக்கொண்டே வந்தார். முன் சீட்டில் தரகர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். குறைமாதத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. உள்ளங்கையில் அடங்குகிற அளவுதான் இருந்தது. ஆனாலும் பிழைத்துக்கொண்டது. தாயும் பிழைத்தாள்.

ஊருக்குத் திரும்பியதும் டாக்டரம்மா பத்திரிகைக்கு இரண்டு வரி எழுதினார். நகல் எடுக்க என்னிடம் கொடுக்கவில்லை. 'ஓய்வில்லாத மருத்துவப் பணி காரணமாக டாக்டர் சிறிது காலம் எழுதுவதிலிருந்து விடுப்பு எடுத்துக்கொள்கிறார்' என்று கட்டம் கட்டிப் போட்டார்கள். எல்லோரும் நம்பினார்கள். நம்பாமல் இருக்கக் காரணம் இல்லை, அத்தனை கூட்டம் எங்கள் வாசலில். 'எப்போது திரும்பி வருவீர்கள்?' என்று கேட்டுக் கடிதங்கள் வந்தன. வரவரக் குறைந்து, பிறகு நின்றுபோயின. பத்திரிகையிலிருந்து ஒருவர் பஸ் ஏறி நேரிலேயே வந்தார். டாக்டரம்மா அவருக்குக் காப்பி கொடுத்து, கூட்டத்தைக் காட்டி, "பார்க்கறீங்களே" என்று மட்டும் சொல்லி அனுப்பினார். சத்தியத்தைப் பற்றி மூச்சு விடவில்லை.

பிற்பகல்கள்தான் கஷ்டமாக இருந்தன. அடுப்பில் சிரிஞ்சுகள் கொதிக்கும். அவர் மேசை மேல் கைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எழுதுகிற கைக்கு வேலை இல்லாதபோது அது எவ்வளவு அநாதையாகத் தெரியும் என்று நான் பார்த்திருக்கிறேன். மருந்து டப்பாக்களை எடுத்துத் துடைப்பார், துடைத்ததையே மறுபடி துடைப்பார். மதியமும் நோயாளிகளை வரச் சொல்ல ஆரம்பித்தார். ஜனங்கள் மெல்ல மெல்லப் பழையபடி பேசத் தொடங்கினார்கள். யாரிடமும் சொல்லாததை எல்லாம் சொன்னார்கள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு நாள் கூட்டம் போன பிறகு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "கேட்டதை எல்லாம் எங்கே கொண்டுபோய் வைக்கறதுன்னு தெரியலை, சிஸ்டர்" என்றார்.

குழந்தை நடக்கத் தொடங்கியிருந்த சமயம், ஒரு மதியம், தரகரின் மனைவி வந்தாள். தலைவலி இல்லை, சளி காய்ச்சல் எதுவும் இல்லை. இடுப்பில் குழந்தையை மாற்றி வைத்துக்கொண்டு, தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. என்னையப் பத்தி எழுதினீங்களாமே, அதுல என்னதாங்க இருக்குது? வூட்டுல யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க."

டாக்டரம்மா மாடிக்குப் போய் அந்தப் பத்திரிகையை எடுத்து வந்தார். அவளைத் தன் எதிரில் நாற்காலியில் உட்கார வைத்து முழுவதையும் படித்துக் காட்டினார். அவள் அசையாமல் கேட்டாள். 'எனக்கும் அவளுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை' என்கிற இடத்தில் நிமிர்ந்து டாக்டரம்மாவைப் பார்த்தாள்.

"நெசமாலுமேங்களா?"

"நிஜந்தான்."

"இதுல தப்பா ஒண்ணும் இல்லீங்களே" என்றாள். குழந்தையை மடியில் சரித்து வைத்துக்கொண்டு, "அப்புறம் அந்தப் பொம்பளைக்குக் கொழந்த பொறந்துதே, அத எழுதலீங்களா?" என்று கேட்டாள்.

"அதை எழுத மாட்டேன்னு உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டேம்மா."

அவள் அதற்குப் பிறகும் எப்போதாவதுதான் வந்தாள். அது நியாயம்தான், அவளுக்குப் பேச ஒரு பிள்ளை வந்துவிட்டது. இப்போது அவள் பேரப்பிள்ளைகள் எடுத்தவள். தரகர் காலமாகிவிட்டார். இதை எழுதலாமா என்று போன வருஷம் அவளையே போய்க் கேட்டேன். "எழுதுங்க நர்சம்மா. சிரிச்சவங்க யாரு இருக்கறாங்க இப்ப?" என்றாள்.

எனக்கு அரசாங்க வேலை கிடைத்து, கல்யாணமும் ஆகி, சித்தேரி மலையடிவாரத்துக்குப் போய்விட்டேன். டாக்டரம்மா அதன்பிறகும் பல வருஷங்கள் மாரண்டஹள்ளியில் இருந்தார். கண்பார்வை குறைந்ததும் கிளினிக்கை மூடிவிட்டுச் சேலத்தில் அண்ணன் மகள் வீட்டுக்குப் போனார். கடைசியாக அவரை அங்கேதான் பார்த்தேன். வீட்டில் எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். பால்கனியில் உட்கார்ந்து கீழே போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சுவாக்கில் கேட்டேன், மறுபடியும் எழுதலாமே என்று. தரகரும் இல்லை, ஊரும் தூரம், இனி அந்தச் சத்தியம் யாரைக் கட்டும்?

"எழுதலாந்தான்" என்றார். "ஆனா இங்கே என்கிட்ட யார் வந்து என்ன சொல்றாங்க, எழுதறதுக்கு?"

பிறகு என் கையைப் பிடித்து, பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். "நீ சொல்லு. இன்னைக்கு என்ன சமையல்?" என்றார். நான் அன்று சாயங்காலம் கடைசி பஸ்வரை உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்.